ஏரி வாரியமும் குடிமராமத்தும்: பாலாற்றங்கரையில் ஓர் ஊராட்சி மரபு

ஆற்றை நம்பி வாழும் நாடுகள் உண்டு; ஏரியை நம்பி வாழும் நாடுகளும் உண்டு. காவிரி பாயும் சோழநாடு முதல் வகையைச் சார்ந்தது. பாலாறு ஓடும் தொண்டை மண்டலமோ இரண்டாம் வகையைச் சார்ந்தது. நந்தி மலைப் பகுதியில் தோன்றிக் கிழக்கே கடல் நோக்கி வரும் பாலாறு ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் சில நாள்கள் மட்டும் இரு கரையும் தொட்டு ஓடும். அந்தச் சில நாள் வெள்ளத்தைப் பிடித்துப் பல திங்கள் வைத்துக் காத்து, அளந்து வயலுக்கு விடும் கலையே தொண்டை நாட்டு உழவின் உயிர்நாடி. பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை 'ஏரி மாவட்டம்' என மக்கள் வழங்கியது இக்காரணம் பற்றியே.

வாலாஜாபாத் இம்மரபின் நடுவே அமைந்த ஊர். பாலாற்றின் வடகரையில் இருக்கும் இவ்வூருக்கு வடபுறம் பெரும் பரப்புடைய தென்னேரி. ஆற்றைக் கடந்து தெற்கே சென்றால் உத்திரமேரூர். சற்றுக் கீழே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடல். மேற்கே பட்டும் கோயிலும் விளங்கும் காஞ்சி மாநகர். இந்தச் சிறு வட்டத்துக்குள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுக் கால நீர் ஆட்சியின் சான்றுகள் கல்லிலும் செம்பிலும் கரையிலும் பதிந்துள்ளன. ஊரார் கூடித் தம் நீரையும் மண்ணையும் தாமே காத்த வரலாற்றையும், அக்காவல் தளர்ந்த வரலாற்றையும் இச்சான்றுகளைக் கொண்டே கூறிவிடலாம்.

ஏரி என்னும் அமைப்பு

ஏரி என்பது வெறும் பள்ளமன்று. சரிவான நிலத்தில் பிறை வடிவில் ஒரு கரை எழுப்பி, மேட்டிலிருந்து வரும் நீரைத் தடுத்து நிறுத்திய அமைப்பு அது. நீரைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். நீரை வயலுக்கு விடுவது மதகு. பழங்கல்வெட்டுகள் இதனைத் தூம்பு என்றும் குமிழி என்றும் குறிக்கும். மிகுந்த நீரைக் கரைக்கு ஊறின்றி வெளியேற்றுவது கலங்கு. கலங்கு வழிந்த நீர் வீணாவதில்லை. அது கீழுள்ள ஏரிக்கு வரத்தாகிறது. இவ்வாறு ஓர் ஊரின் மிச்சம் அடுத்த ஊரின் முதலாக, பத்தும் இருபதும் ஏரிகள் சங்கிலியாகப் பிணைந்து கிடக்கின்றன. நெசவாளர் தறியில் ஓர் இழை அறுந்தால் துணி முழுதும் குறைபடுவது போல, இச்சங்கிலியில் ஓர் ஏரி தூர்ந்தால் அதன் கீழுள்ள ஏரிகள் அனைத்தும் வாடும்.

இந்த அமைப்புக்கு ஓர் இயல்பான பகை உண்டு. அது வண்டல். மழைநீர் தனியே வருவதில்லை. மேட்டு நிலத்தின் மேல்மண்ணைக் கரைத்துக்கொண்டே வருகிறது. அந்த மண் ஏரியின் உள்வாயில் படிகிறது. ஆண்டுதோறும் ஒரு விரற்கடை படிந்தாலும் ஒரு தலைமுறையில் ஏரி மேடாகிவிடும். ஆகவே கோடையில் நீர் வற்றியதும் வண்டலை வெட்டியெடுத்தல் இன்றியமையாத பணி ஆயிற்று. அவ்வாறு வெட்டிய மண்ணில் ஒரு பகுதி கரையை உயர்த்தியது; மறு பகுதி வண்டியேறி வயலுக்கு உரமாகச் சென்றது; களிமண் குயவர் சக்கரத்துக்குப் போயிற்று. மேட்டு நிலம் இழந்த சத்து, ஏரி வழியாகத் தாழ்நில வயலுக்குத் திரும்பி வந்தது. நீர்க் காப்பும் மண் காப்பும் ஒரே வேலையின் இரு முகங்களாக இருந்தன என்பது இதனால் விளங்கும்.

பல்லவர் இட்ட அடித்தளம்

தொண்டை நாட்டு நீர்நிலைகளின் எழுதப்பட்ட வரலாறு பல்லவர் காலத்தில் தெளிவு பெறுகிறது. முதலாம் மகேந்திரவர்மன் பெயரால் மகேந்திரவாடியில் மகேந்திர தடாகம் அமைந்தது. காஞ்சிக்கு அருகே மாமண்டூரில் சித்திரமேக தடாகம் எழுந்தது. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, பரமேசுவர தடாகத்தையும், பாலாற்றிலிருந்து அதற்கு நீர் கொணர வெட்டிய பெரும்பிடுகு என்னும் கால்வாயையும் கூறுகிறது. ஏரி, அதற்கு ஆற்றிலிருந்து ஒரு கால், அந்தக் காலுக்கு ஒரு பெயர் என்று திட்டமிட்டுச் செய்த வேலை இது. பல்லவ மன்னன் கம்பவர்மன் பெயரோடு தொடர்புபடுத்தப்படும் கம்பன் கால்வாய் இன்றும் பாலாற்று நீரைத் திருப்பெரும்புதூர்த் திசையில் கொண்டுசென்று வழியிலுள்ள ஏரிகளை நிரப்பும் தடமாக இருக்கிறது.

தென்னேரியின் பழமை இதனினும் முற்பட்டதாகக் கருதப்படுகிறது. திரையன் ஏரி என்பதே தென்னேரி என மருவிற்று என்பர். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பெரும்பாணாற்றுப்படையில் பாடிய தொண்டைமான் இளந்திரையனோடு இப்பெயரை இணைத்துப் பேசுவது மரபு.

வேந்தர் ஏரி வெட்டினர். ஆனால் வேந்தர் ஏரியைக் காக்கவில்லை. வெட்டுவது ஒருமுறை செய்யும் வேலை. காப்பது ஆண்டுதோறும் செய்யும் வேலை. அரசனின் புகழுக்கு முதல் வேலை போதுமானது; ஊராரின் வயிற்றுக்கு இரண்டாவது வேலை வேண்டியிருந்தது. இந்த இரண்டாவது வேலையைச் செய்ய அமைந்ததே ஏரி வாரியம்.

உத்திரமேரூர்ச் சுவர்கள்

எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் சதுர்வேதிமங்கலமாக அமைந்த ஊர் உத்திரமேரூர். வயிரமேக தடாகம் என்பது அவ்வூர்ப் பேரேரியின் பழம்பெயர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயிலாக இன்று வழிபடப்படும் மண்டபத்தின் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன. அவை முறையே கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்தவை. 1898-இல் படியெடுக்கப்பட்ட இவற்றை வெங்கையா ஆராய்ந்து தொல்லியல் துறையின் ஆண்டறிக்கையில் வெளியிட்டார். பின்னர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1932-இல் வெளிவந்த தம் நூலில் விரிவாக விளக்கினார். குடவோலை முறை என்ற அளவில் பள்ளிச் சிறாரும் அறிந்த செய்தி இது. ஆனால் அக்குடவோலை எதற்காக எடுக்கப்பட்டது என்பது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

கல்வெட்டின்படி ஊர் முப்பது குடும்புகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவருள் முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவராய், கல்வியாலும் வயதாலும் மூத்தவராய் உள்ள பன்னிருவர் ஆண்டு வாரியமாக அமைந்தனர். எஞ்சியோருள் பன்னிருவர் தோட்ட வாரியம். மீதி அறுவர் ஏரி வாரியம். தோட்டத்தையும் ஏரியையும் ஆண்டு பழகியவனே ஊர் முழுவதையும் ஆளத் தகுதியுடையவன் என்னும் கருத்து இவ்வரிசையில் அடங்கியுள்ளது. நீர் மேலாண்மை, ஊராட்சிக்குப் பயிற்சிக் களமாக விளங்கியது.

தேர்வு நடந்த முறையும் எண்ணிப் பார்க்கத் தக்கது. குடும்பு தோறும் தகுதியுடையோர் பெயர்களை ஓலைகளில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். சிறியோரும் முதியோரும் உள்ளிட்ட சபை நிரம்பக் கூடியது. கோயில் நம்பிமார் அனைவரும் இருந்தனர். அவருள் மூத்த ஒருவர் குடத்தை எல்லாரும் காண உயர்த்திப் பிடித்தார். எழுத்தறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அதனை வேறொரு குடத்தில் இட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுத்தான். ஐந்து விரல்களையும் அகல விரித்த உள்ளங்கையில் அவன் அவ்வோலையை வாங்கினான். பிறகு அதனை வாசித்தான், நம்பிமாரும் வாசித்தனர், பெயர் எழுதப்பட்டது. விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? இன்னோர் ஓலை கையில் மறைந்திருக்கக் கூடாது என்பதற்காகவே. மனிதர் ஏமாற்றுவர் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொண்டு எழுதிய சட்டம் இது.

வேட்பாளர் தகுதிகள் கடுமையானவை. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவராகவும், தம் மனையில் வீடு கட்டிக் குடியிருப்பவராகவும் இருத்தல் வேண்டும். முன்னைக் கல்வெட்டில் முப்பதிலிருந்து அறுபது என்றிருந்த வயதெல்லை, பின்னைக் கல்வெட்டில் முப்பத்தைந்திலிருந்து எழுபது என மாற்றப்பட்டது. கடந்த மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் மீண்டும் வரலாகாது. பதவிக் காலம் 360 நாள். குற்றம் கண்டால் நடுவிலேயே நீக்கம்.

இவையனைத்திலும் மேலாக நின்ற விதி ஒன்றுண்டு. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடலாகாது. அவன் மட்டுமன்று, அவன் தந்தை, மகன், மருமகன், மாமன், மைத்துனன், சகோதரியின் கணவன், சிற்றன்னை பேரன்னை மக்கள் என உறவுமுறை நீண்டு செல்கிறது. தனக்குப் பதிலாகத் தன் ஆளை அமர்த்தி ஏரிப் பொருளை ஆள்வதைத் தடுக்க எழுந்த வேலி அது. இரண்டே ஆண்டு இடைவெளியில் விதிகள் திருத்தி எழுதப்பட்டதிலிருந்து, முதல் விதிகளில் ஓட்டைகள் இருந்தமையும் அவற்றை அடைக்க வேண்டி வந்தமையும் உய்த்துணரத் தக்கன. இரு முறையும் அரசனின் ஆணை பெற்ற அதிகாரி ஒருவர் சபையில் உடனிருந்தார். ஆகவே இது அரசை விலக்கிய தன்னாட்சியன்று. அரசு அறிய, அரசின் ஒப்புதலோடு, ஊர் தன்னைத் தானே ஆண்ட முறை எனலாம்.

ஏரி வாரியத்தின் பொருள்வளம்

அறுவர் கூடி எவ்வாறு ஒரு பேரேரியைக் காத்தனர்? கொடையாளர் பொன்னையும் நிலத்தையும் ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைத்தனர். முதலைச் செலவிடாமல், அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் ஏரியில் குழி குத்தி மண் எடுப்பது வாரியத்தின் கடமை. ஏரிப்பட்டி எனப்பட்ட நிலத்தின் விளைச்சலும் ஏரிக்கே உரியது. நீர் நிறைந்த காலத்திலும் ஓடங்களைச் செலுத்தி, அடிமண்ணைக் கூடைகளில் அள்ளிக் கரையில் கொட்டும் வழக்கத்தைத் தமிழகக் கல்வெட்டுகள் சில காட்டுகின்றன. ஏரிக்கு மண் எடுத்தல் கோயிலுக்கு விளக்கு எரித்தல் போன்ற அறமாகக் கருதப்பட்டது. இரண்டு கொடைகளும் ஒரே சுவரில், ஒரே எழுத்தில் வெட்டப்பட்டன.

அறம் என்று பெயரிட்டதால் மட்டும் ஏரி தூர் நீங்கவில்லை. முதற்பொருள் உறுதியாக இருந்தது. அதைக் கையாள்வோர் ஆண்டுக்கு ஒருமுறை மாறினர். மாறும்போது கணக்குக் கொடுத்தனர். இம்மூன்றும் சேர்ந்தே அறத்தைச் செயலாக்கின.

சுவரில் இல்லாத பெயர்கள்

இப்பெருமையைப் பேசுவோர் அதன் எல்லையையும் பேச வேண்டும். உத்திரமேரூர் பிரமதேயம். வாரியத்துக்கு வேண்டிய தகுதிகளுள் வேதக் கல்வியும் ஒன்று. ஒரு வேதமும் ஒரு பாடியமும் கற்றவருக்கு அரைக்கால் வேலி நிலமே போதும் என்று விதி தளர்ந்ததே தவிர, நிலமும் கல்வியும் இல்லாதாருக்குக் கதவு திறக்கவில்லை. உழுதவர் அங்கே உறுப்பினரல்லர். மண் சுமந்தவர் பெயர் ஓலையில் ஏறவில்லை. பெண்டிர்க்கும் இடமில்லை. நள்ளிரவில் கரை உடையும்போது மூங்கிலும் வைக்கோலும் மண்ணும் கொண்டு உடைப்பை அடைத்த கைகள் யாருடையனவோ, அவர்கள் கணக்குக் கேட்கும் உரிமை பெற்றிருக்கவில்லை. பிற்காலத்தில் நீர்க்கட்டி என்ற பெயரில் மடை திறந்து வயல்தோறும் நீர் பாய்ச்சிய ஊழியரும், கரையைக் காத்த தோட்டியும் வெட்டியானும் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்தே பெரும்பாலும் வந்தனர். தண்ணீரின் நுட்பத்தை நன்கறிந்தவர் அவர்கள். ஆனால் தண்ணீர் பற்றிய முடிவு அவர்களிடம் இல்லை.

பழைய முறையை மீட்போம் என்று முழங்குவோர் எதனை மீட்பது, எதனை விடுவது என்று பிரித்தறிய வேண்டியிருப்பது இதனாலேயே.

களத்து மேட்டில் ஒரு பங்கு

சோழர்க்குப் பின் நூற்றாண்டுகள் பல கழிந்தன. சபைகள் மறைந்தன. ஆயினும் ஏரிக்குப் பங்கு ஒதுக்கும் வழக்கம் மறையவில்லை. ஆர்க்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1763-இல் செங்கற்பட்டுச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக வழங்கினார். வாலாஜாபாத் தன் பெயரைப் பெற்றது இந்த நவாபின் பட்டப்பெயராலேயே. கம்பெனிப் படைகள் பின்னர் இங்கே பாளையமிட்டன. இந்த ஜாகீரை அளக்கக் கம்பெனி தாமஸ் பார்னார்டு என்னும் பொறியாளரை அமர்த்தியது. 1767 முதல் 1774 வரை ஏறத்தாழ 2,000 ஊர்கள் அளக்கப்பட்டன. ஊர்க் கணக்கர்களின் ஓலைகளிலிருந்து திரட்டிய அக்கணக்குகள் நெல் களத்திலேயே எவ்வாறு பகிரப்பட்டது என்பதைக் காட்டுகின்றன. அரசுப் பங்கும் உழவர் பங்கும் பிரியுமுன், கோயிலுக்கும் கணக்கனுக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் வெட்டியானுக்கும் மரக்கால் அளவில் ஒதுக்கீடு இருந்தது. நீர்நிலைக்கும் அதனைக் காப்பவர்க்கும் உரிய பங்கும் அவ்வரிசையில் இடம்பெற்றது. வரி அரசுக்குப் போய், அரசு திருப்பிக் கொடுத்து, அதன்பின் ஏரி பழுது பார்க்கப்படும் நிலை அன்றில்லை. விளைந்த இடத்திலேயே ஏரி தன் பங்கைப் பெற்றது.

1780-இல் ஐதர் அலியின் படையெடுப்பால் காஞ்சிச் சீமை பாழ்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 10-இல் புள்ளலூரில் கம்பெனிப் படை முறியடிக்கப்பட்டது. ஊர்கள் வெறிச்சோடின. 1794 முதல் 1798 வரை ஜாகீரின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், உடைந்த ஏரிகளைப் பழுது பார்ப்பதில் முனைந்தார். அவர் பெயரோடு பிணைந்த கதை மதுராந்தகத்தில் வழங்குகிறது. பெருமழை இரவொன்றில் ஏரி உடையும் என அஞ்சிக் கரைக்குச் சென்ற துரை, வில்லேந்திய இருவர் கரையைக் காத்து நிற்கக் கண்டாராம். அதனாலேயே அவ்வூர்ப் பெருமாள் ஏரி காத்த ராமர் ஆனாராம். கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் உளப்பாங்கு. கரையில் இரவுக் காவல் என்பது அந்நாட்டு மக்கள் உள்ளத்தில் எத்துணை ஆழப் பதிந்த அச்சமும் கடமையும் என்பதை அக்கதை உறுதியாகச் சொல்லுகிறது. வேடந்தாங்கல் ஏரிப் பறவைகளைச் சுடலாகாது என ஊரார் வேண்ட, பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கவுல் என்னும் உரிமைச் சீட்டு எழுதிக் கொடுத்தவரும் இவரே. பறவை எச்சம் கலந்த ஏரி நீர் பயிருக்கு உரம் என்பதை ஊரார் அறிந்திருந்தனர்.

குடிமராமத்து சட்டமான கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயத்துவாரி முறை நிலைபெற்றது. அரசு தனித்தனி உழவரிடம் பட்டா கொடுத்து, தனித்தனியே பணமாக வரி வாங்கியது. களத்து மேட்டில் பிரிந்த பங்குகள் சுருங்கின. அவற்றுட் பல வரியோடு கலந்துவிட்டன. ஏரியின் பங்கு அரசுக் கருவூலத்துக்குப் போயிற்று. ஆனால் ஏரியின் வேலை ஊரார் தலையிலேயே நின்றது. இதுவே சிக்கலின் வேர்.

உழவர் தம் உடலுழைப்பால் ஏரி, கால்வாய்களைப் பேணும் வழக்கத்துக்குக் குடிமராமத்து என்பது பெயர். அது தளர்ந்ததைக் கண்ட சென்னை அரசு 1858-இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றியது. வெள்ளத்தில் கரை உடையும் நிலையில் ஊராரை வேலைக்கு அழைக்க அச்சட்டம் அதிகாரம் அளித்தது. வழக்கமான மராமத்துக்கு வராதவர் மீது தண்டம் விதிக்கவும் அதில் இடமிருந்தது. ஆயினும் வழக்கம் இன்னது என்று முறைமன்றத்தில் மெய்ப்பிப்பது அரிதாயிற்று. ஊரார் மனமுவந்து செய்ததைச் சட்டம் அச்சுறுத்திச் செய்விக்க முயன்றது. அம்முயற்சி பெரும்பாலும் ஏட்டளவில் நின்றது. பொதுப்பணித் துறை வளர்ந்தது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த தாது வருடப் பெரும்பஞ்சத்துக்குப் பின், 1883-இல் ஏரிகளை ஆற்றுப்படுகை வாரியாக அளந்து சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. அளவைகள் துல்லியமாயின, வரைபடங்கள் சிறந்தன. ஆனால் ஏரியைப் பற்றி அறிவோர் அலுவலகத்திலும், ஏரியால் வாழ்வோர் ஊரிலுமாகப் பிரிந்தனர்.

இவ்விடத்தில் மறுதரப்பு ஒன்றையும் கூறுதல் நேர்மை. தென்தமிழகத்து ஏரிகளை ஆராய்ந்து 2003-இல் நூல் வெளியிட்ட மானிடவியலாளர் டேவிட் மோஸ், பழந்தமிழ் ஊர்கள் அரசின் தொடர்பின்றித் தாமே ஏரிகளைக் காத்தன என்ற சித்திரம் ஓரளவு ஆங்கிலேய ஆட்சியாளர் தம் பொறுப்பைக் குறைக்கப் புனைந்துகொண்டது என்று வாதிட்டார். அரசர், பாளையக்காரர், கோயில் ஆகியோரின் கொடையும் அதிகாரமும் ஏரியோடு என்றும் பிணைந்தே இருந்தன என்பது அவர் கருத்து. உத்திரமேரூர்ச் சபையில் அரசனின் அதிகாரி அமர்ந்திருந்ததை நினைந்தால் இக்கருத்தின் வலிமை புலனாகும். ஊர் தனித்து நின்று காத்தது என்பதைக் காட்டிலும், ஊரும் அரசும் தத்தம் பங்கை அறிந்திருந்தன என்பதே சான்றுகளுக்குப் பொருந்தும்.

கடல் கடந்த ஓர் ஒப்புமை

இதே வினாவை இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடும் எதிர்கொண்டது. 1930-களில் அந்நாட்டு நடுச் சமவெளிகளில் மேல்மண் புழுதிப் புயலாக எழுந்து பறந்தது. 1935 ஏப்ரல் 14-ஆம் நாள் எழுந்த புயல் பட்டப்பகலை இருளாக்கியது. அம்மாதம் 27-ஆம் நாள் மண் காப்புச் சட்டம் நிறைவேறியது. அதற்கு உழைத்தவர் ஹியூ ஹாமண்ட் பென்னட் என்னும் மண்ணியல் அறிஞர். ஆனால் தலைநகரில் இயற்றும் சட்டம் ஓர் உழவனின் வயல் வரப்பை மாற்றிவிடாது என்பதை விரைவில் உணர்ந்தனர். 1937-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் மாதிரிச் சட்டம் ஒன்றை மாநில ஆளுநர்களுக்கு அனுப்பினார். அவ்வாண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பென்னட்டின் சொந்த மண்ணான வட கரோலினா மாநிலத்தில் பிரவுன் கிரீக் என்னும் ஓடையின் பெயரால் முதல் மண் காப்பு வட்டாரம் தோன்றியது. இன்று அத்தகைய வட்டாரங்கள் ஏறத்தாழ 3,000 உள்ளன.

மாதிரிச் சட்டப்படி ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஐந்து மேற்பார்வையாளர். மூவரை நிலம் உழுவோர் தேர்ந்தெடுப்பர்; இருவரை மாநிலக் குழு அமர்த்தும். நடுவண் அரசு வல்லுநரை அனுப்பும். எங்கே வரப்புக் கட்டுவது, எந்த ஓடையைத் தடுப்பது என்பதை ஊர்க் குழுவும் உழவரும் கூடி முடிவு செய்வர். உழவர் தாமே முன்வந்து ஒப்பந்தம் செய்துகொள்வதே இதன் அடிப்படை, கட்டாயம் அரிது. ஆயிரம் ஆண்டு இடைவெளியில், ஒன்றையொன்று அறியாத இரு நாடுகளில், அறுவர் குழுவும் ஐவர் குழுவும் ஒரே தேவையால் பிறந்தன. நீரும் மண்ணும் ஆட்சி எல்லைகளைப் பார்த்து ஓடுவதில்லை. அவற்றின் சரிவை அறிந்தவர் அங்கேயே வாழ்பவர். வேறுபாடும் உண்டு. அமெரிக்க வட்டாரம் மண்ணில் தொடங்கி நீருக்கு வந்தது; தமிழக வாரியம் நீரில் தொடங்கி மண்ணைக் காத்தது.

விடுதலைக்குப் பின்

விடுதலை பெற்ற தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் கணக்கிடப்பட்டன. 40 எக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உடையவை பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும் பொறுப்பாயின. சங்கிலியின் ஒரு கண்ணி ஒரு துறையிடமும் மறு கண்ணி வேறு துறையிடமும் சேர்ந்தன. கிணறுகளில் மின் இறைவை பெருகியது. தம் கிணற்றில் நீருள்ளவர் ஏரிக்கரைக்கு வரத் தேவையில்லாமற் போயிற்று. கிணற்றுக்கு ஊற்று ஏரியிலிருந்தே வருகிறது என்பது காலம் கடந்தே நினைவுக்கு வந்தது. உள்வாயில் சீமைக் கருவேல் மண்டியது. வரத்துக் கால்வாய்கள் மனைகளாயின.

மீட்பு முயற்சிகளும் நடந்தன. 1984-இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியோடு ஏரிப் புனரமைப்புத் திட்டம் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டுப் பாசன அமைப்புகளை உழவரே மேலாண்மை செய்யும் சட்டம், நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குத் தேர்தல் முறை வகுத்தது. 2007-இல் ஏரிப் பாதுகாப்பு, ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் வந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் இப்பகுதி ஏரிகள் பல நிரம்பி வழிந்தன, கரைகள் உடைந்தன. அடுத்த ஆண்டிலேயே மழை பொய்த்து வறட்சி வந்தது. வெள்ளமும் வறட்சியும் ஒரே பிணியின் இரு குறிகள் என்பது அப்போது எல்லார்க்கும் விளங்கிற்று. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் குடிமராமத்து என்ற பழம்பெயரோடு புதிய திட்டம் தொடங்கப்பட்டது. முதற்கட்டத்தில் 100 கோடி ரூபாயில் 1,519 பணிகள் எடுக்கப்பட்டன. மதிப்பீட்டில் பத்தில் ஒரு பங்கை ஆயக்கட்டுதாரர் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தருவது விதி.

பெயர் திரும்பியது. பெயரோடு வாரியமும் திரும்பியதா என்பதே வினா. வேலையை ஊராரின் சங்கம் செய்யலாம் என்பது நல்ல தொடக்கம். ஆனால் ஒருமுறை தூர் வாருவது பழுதுபார்ப்பு. ஆண்டுதோறும் காப்பதே ஆட்சி. உத்திரமேரூர் வாரியத்துக்கு அழியாத முதற்பொருள் இருந்தது. பதவிக்குக் கால வரையறை இருந்தது. உறவினரைத் தடுக்கும் வேலி இருந்தது. இன்றைய சங்கங்களில் இவற்றுள் எவை உள்ளன என்று ஒவ்வோர் ஊரும் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். அத்தோடு, அன்றில்லாத ஒன்றும் இன்று வேண்டும். நிலம் இல்லாத உழவுத் தொழிலாளியும், ஏரியில் மீன் பிடிப்பவரும், கரையோரம் மாடு மேய்ப்பவரும், குடிநீர்க் குடத்தோடு நிற்கும் பெண்ணும் அக்குழுவில் அமர வேண்டும். ஓலை எழுதத் தகுதி நிலமாக மட்டும் இருந்த காலம் முடிந்துவிட்டது.

2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் வந்தது. வாலாஜாபாத்தையும் அவளூரையும் இணைத்த தரைப்பாலம் சேதமுற்றது. மணலாறு எனப் பழகிவிட்டவர்களுக்கு ஆறு தன் பழைய உருவைக் காட்டிற்று. அவ்வெள்ளத்தில் எத்தனை பங்கு ஏரிகளில் தங்கும், எத்தனை பங்கு கடலுக்குப் போகும் என்பது வரத்துக் கால்வாய்களின் நிலையைப் பொறுத்தது. கால்வாய்களின் நிலை அவற்றுக்கு யார் பொறுப்பு என்பதைப் பொறுத்தது. பாலாற்றைக் கடந்து தெற்கே செல்வோர் உத்திரமேரூரில் வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுவர்முன் நிற்கலாம். பதினொரு நூற்றாண்டு மழையிலும் வெயிலிலும் அவ்வெழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, அழிந்துவிடவில்லை. ஏரிப் பொருளை ஆண்டவன் கணக்குக் காட்டும்வரை அவன் பெயர் குடத்தில் ஏறலாகாது என்னும் விதி அங்கே இன்றும் படிக்கக் கிடைக்கிறது.